கயிற்றுப் பையில் வந்த தண்ணீர்

பழச்சாறு பழத்துக்கு நெருங்கிய சொந்தம் என்று உலகம் நம்புகிறது. இது பெரும் பிழை. பாட்டிலில் அடைத்து விற்கும் ஆரஞ்சுச் சாற்றுக்கும் ஆரஞ்சுக்கும் உள்ள உறவு, ஒன்றுவிட்ட சித்தப்பாவின் சம்பந்திக்கும் நமக்கும் உள்ள உறவுதான். சொல்லிக்கொள்ளலாம், ஆபத்துக்கு உதவாது.

இரும்புக் கிடங்கில் கிரேன் ஓட்டுபவருக்கு இது தெரியாது.

கம்பெனி டாக்டர் அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருக்கு. தலைசுத்தல் வேற வருதுங்கறீங்க. அடுத்த பரிசோதனைக்குள்ள குறையலைன்னா கிரேன்ல ஏற விடமாட்டேன். அப்புறம் கீழதான் வேலை."

கிரேன்காரர் அன்றே டீயில் சர்க்கரையை விட்டார். கேக்கை விட்டார், பிஸ்கட்டை விட்டார். துறவிக்கு மிச்சமிருந்தது ஆரஞ்சுச் சாறு ஒன்றுதான். பழம்தானே, உடம்புக்கு நல்லது என்று, தினம் ஒரு பாட்டில் குடித்தவர் மூன்று குடிக்கத் தொடங்கினார்.

கிரேனின் கூண்டு கூரையை ஒட்டித் தொங்கியது. ஏணியில் ஏறிவிட்டால் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை இறங்க முடியாது. தாகம் எடுத்தால் கயிற்றில் ஒரு துணிப்பையைக் கீழே விடுவார். கீழே இரும்புக்குச் சங்கிலி மாட்டுபவனுக்குக் கிடங்கு வைத்த பெயர் கொக்கி. அவன் ஓய்வறை ஃப்ரிட்ஜிலிருந்து பாட்டிலை எடுத்துப் பையில் போடுவான். இவர் மேலே இழுத்துக்கொள்வார்.

ஒரு நாள் இழுத்தார். பையில் தண்ணீர் வந்தது.

"டேய் கொக்கி! என் ஜூஸ் எங்கடா?"

"ஃப்ரிட்ஜ்ல இல்லண்ணே!"

"காலையில நான்தானேடா வச்சேன்!"

"யாரோ குடிச்சிட்டாங்கண்ணே. தண்ணி குடிங்க, ஜில்லுனு இருக்கு!"

மறுநாளும் தண்ணீர். பாட்டிலில் தன் பெயரை எழுதி ஒட்டினார், தண்ணீர்தான் வந்தது. கையோடு மேலே கொண்டுபோய்ப் பார்த்தார். கூரைச் சூட்டில் சாறு கஷாயமாகிவிட்டது. கொண்டுவருவதை நிறுத்தினால் திருடனிடம் தோற்றதாகிவிடும் என்று, தினமும் ஃப்ரிட்ஜிலேயே வைத்துக்கொண்டே இருந்தார்.

ஒரு மத்தியானம் இறங்கி வந்தபோது, கொக்கியின் மீசை ஓரம் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது.

"மீசையில என்னடா?"

"துருண்ணே."

அன்றோடு பேச்சு நின்றது. கொக்கி கைசாடையில் 'தூக்கு' என்பான், இவர் தூக்குவார். 'இறக்கு' என்பான், இறக்குவார். உறவு அவ்வளவுதான்.

"நான் அப்பவே நினைச்சேன்," என்றாள் மனைவி. "அவன்தான் கிரேன் லைசென்ஸ் வாங்கி வச்சிட்டுக் காத்திருக்கானே! நீங்க இறங்கினா அடுத்த நிமிஷம் அவன் ஏறுவான். சீட்டுக்கு முன்னாடி ஜூஸ்ல கை வச்சுப் பாக்கறான்."

"பாக்கட்டும். அந்தச் சீட்டை அவனுக்கு விட்டேன்னா நான் மனுஷனே இல்ல."

"அதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? உங்க ரத்தத்துக்கிட்ட சொல்லுங்க."

பரிசோதனை நாள் வந்தது. டாக்டர் ரிப்போர்ட்டை ஒரு முறைக்கு இரு முறை படித்தார்.

"பரவாயில்லையே! நல்லா குறைஞ்சிருக்கு. தாராளமா மேல ஏறலாம். எதை நிறுத்தினீங்க?"

"எல்லாத்தையும் அப்பவே நிறுத்திட்டேன் டாக்டர். பழச்சாறு மட்டும்தான் பாக்கி. அதையும் ஒரு திருட்டுப்பய தினம் குடிச்சிட்டான்."

"எவ்வளவு?"

"மூணு பாட்டில்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"மூணா! பழத்தைக் கடிச்சுத் தின்னா நார் இருக்கு, ஒண்ணுலயே வயிறு நிறையும். நீங்க சொல்றது பழ வாசனை அடிக்கிற சர்க்கரைத் தண்ணி. அந்தத் திருடனைப் பாத்தா ஒரு கும்பிடு போடுங்க."

திருடனுக்குக் கும்பிடு போடுகிற ரகம் அல்ல கிரேன்காரர். திரைக்குப் பின்னால் போய்ச் சட்டையை மாட்ட ஆரம்பித்தார்.

"அடுத்தது யாரு?"

உள்ளே வந்தது கொக்கி. எடை பார்க்கும் மெஷின் கிறீச்சிட்டது.

"என்னப்பா இது, போன தடவைக்கு இப்ப ஒரு சுத்து பெருத்திருக்கே! சர்க்கரையும் எல்லையில வந்து நிக்குது. என்னதான் சாப்பிடறே?"

"ஆரஞ்சு ஜூஸ் டாக்டர். தினம் மூணு."

டாக்டர் பேனாவை மறுபடியும் கீழே வைத்தார்.

"அது நீதானா?"

"பாட்டில் லேபிள்ல சர்க்கரை எவ்வளவுன்னு அவருக்குப் படிச்சுக் காட்டினேன் டாக்டர். 'எனக்கே பாடம் எடுக்கறியாடா'ன்னு கேட்டாரு. சொன்னா கேக்கற மனுஷன் இல்ல. வேற வழி தெரியல."

"அவர் இறங்கினா நீதானே ஏறணும்?"

"ஏறணும்தான். ஆனா இப்படி ஏற மனசு வரல."

"சரிப்பா, எடுத்துக் கீழ கொட்டித் தொலைச்சிருக்கலாமே?"

"சாப்பிடற பொருளாச்சே டாக்டர்!"

திரைக்குப் பின்னால் கிரேன்காரர் பொத்தான்களை ஓட்டை மாற்றி ஓட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

டாக்டர் மருந்துச் சீட்டை எடுத்து, கொக்கி இனிமேல் பழச்சாறு தொடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார்.