நீளக்கொம்பனைக் கண்டுபிடித்தவர்

விறகுக் கடையில் வாங்கிய கட்டைக்குள்ளிருந்து, உடம்பைவிட நீளமான கொம்புகளோடு வெளிவந்தது அந்தப் புதுவகை வண்டு. கண்டுபிடித்தவள் ஆய்வகத்தின் இளம் ஆய்வாளர். அறிக்கையில் அவள் பெயரை அடித்துவிட்டு, இயக்குநர் தம் பெயரை எழுதினார்.

"உனக்கெதுக்கும்மா இந்த வயசுல புகழெல்லாம்?"

மறுநாள் ஒருவர் குறிப்பேட்டுடன் வந்து, "இந்த வண்டு எங்க சார் கிடைச்சுது?" என்றார் ஆர்வமாக.

குறிப்பேட்டைப் பார்த்ததுமே இயக்குநர் தலையை வாரிக்கொண்டார்.

"மலைக்காட்டுல! தன்னந்தனியா ஏழு தேக்கு மரத்தை வெட்டிப் பிளந்தேன். எட்டாவதுல மாட்டுச்சு."

"எட்டையும் நீங்களேவா?"

"பின்ன? நல்லா எழுதிக்குங்க."

"எழுதிட்டேன் சார். நான் வனத்துறை அதிகாரி. அனுமதி இல்லாம எட்டு மரம். ஜீப் வாசல்ல நிக்குது, கிளம்பலாமா?"

"ஐயையோ! நான் காட்டுப் பக்கமே போனதில்லைங்க. வண்டைக் கண்டுபிடிச்சது இந்தப் பொண்ணுதான்!"

"அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார்" என்று பேனாவை நீட்டினாள் அவள்.