அரை மணி நேர வீடியோ

"பதினாலாம் தேதி, மூணு மணி நாப்பது நிமிஷம். 'ரெண்டு வட்டம், ஒண்ணு மேல ஒண்ணு, ஓரத்தை இறுக்கி மூடிடு'ன்னு இஸ்தான்புல்லுக்குப் பேசியிருக்கீங்க. என்ன விஷயம்?"

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். எதிரே உட்கார்ந்திருந்த ஓகுல்ஷாத் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். தெஜென் ஊரில், தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்கும் இந்த அலுவலகத்துக்குள் போய்வந்தவர்களின் வீட்டுத் தொலைபேசி அதற்குப் பிறகு மணி அடித்ததில்லை.

"இஷ்லெக்லிங்க ஐயா... கறி வெச்ச ரொட்டி. அங்க இருக்கற என் பொண்ணு அய்னபாத் பக்குவம் கேட்டா. ரகசியம் ஒண்ணும் இல்லீங்க."

"இஷ்லெக்லின்னு எனக்குத் தெரியாதா?"

அதிகாரி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் சட்டென்று இறங்கியது. "பெரியம்மா, அந்த ரெக்கார்டை ஏழு தடவை போட்டுக் கேட்டுட்டேன். நீங்க சொன்னபடியேதான் என் வீட்டுக்காரி செய்யறா. செருப்புத் தோலாட்டம் வருது. வெள்ளிக்கிழமை தவறாம மாமனார் வந்து தின்னுட்டு என்னைத் திட்டறாரு. எங்கதான் தப்பு?"

ஓகுல்ஷாத் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பயம் போன இடம் தெரியவில்லை.

"காதால கேட்டா வராது தம்பி, கையைப் பாக்கணும். வீடியோவுல என் பொண்ணுக்குச் செஞ்சு காட்டறேன். நீங்களும் பாத்துக்குங்க."

"வீடியோவா? நாடு பூரா அந்த லைனையெல்லாம் அடைச்சு வெச்சிருக்கே!"

"அடைச்சது யாரு?"

அதிகாரி தலையைச் சொறிந்தார். "அரை மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது."

மறுநாள் மதியம் சொன்னபடி கைபேசி ஒலித்தது. மூன்று வருஷமாகக் குரலாக மட்டுமே இருந்த மகள், முகமாக வந்து நின்றாள்.

"என்னடி இப்படி இளைச்சுட்டே?"

"நீ மட்டும் என்னம்மா, முடியெல்லாம் நரைச்சுப் போச்சு!"

கணவர் சபர்தூர்தி கைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்க, அழைப்பு வருமுன்பே பிசைந்து துணி போட்டு வைத்திருந்த மாவை ஓகுல்ஷாத் எடுத்து வந்தாள். வட்டமாகத் தேய்த்து, கறியும் வெங்காயமும் பரப்பி, மேலே இன்னொரு வட்டம் வைத்து மூடி, ஓரத்தை மடித்தாள். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. கண் மகளை விட்டு நகரவே இல்லை. சிரிப்பும் அழுகையுமாக இருவரும் பேசிக்கொண்டிருந்தபோதே, சரியாக முப்பதாவது நிமிஷம் திரை கறுத்தது.

கணவர் கைபேசியை அணைத்துவிட்டுக் கேட்டார். "ஏண்டி, மாவு பிசையறப்போ ஆட்டு வால்கொழுப்பை உருக்கி ஊத்தினியே, அதை நீ சொல்லவே இல்லையே? பாத்துக்கிட்டிருந்த அந்த அதிகாரி வீட்டுல மறுபடியும் செருப்புத் தோல்தானே வரும்?"

"வரட்டும். அடுத்த வாரமும் நான் என் பொண்ணைப் பாக்க வேண்டாமா?"