எருமைக்குச் சொன்ன வைத்தியம்

இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் வாருங்கள், கண்ணுகளா. விசிறி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது வெயில் கதை, ஐம்பது அறுபது வருஷத்துக்கு முந்தி பம்பாய்த் தாராவியில் நடந்தது.

"ரெண்டும் ஒண்ணுதாம்ல. நல்லாத் திங்குது, ஒரு பலனும் இல்ல!"

முருகம்மாள் கை காட்டியது தொழுவத்து எருமையை. அவள் கண் பார்த்ததோ மருமகள் ஆறுமுகத்தாயை. மகன் தளவாய் மில்லிலிருந்து வந்த களைப்பில், கழற்றிய சட்டையாலேயே விசிறிக்கொண்டிருந்தான்.

மே மாதம். தகரக் கூரை அனலாய்க் காய்ந்தது. ஒரே கூரை, நடுவில் இடுப்பளவு சுவர். இந்தப் பக்கம் இவர்கள் மூன்று பேர், அந்தப் பக்கம் எருமை. பால் வற்றிப் போன எருமை கோடை பூராவும் எருமைக் கிடாவைத் தேடவே இல்லை. கால் மாற்றி மாற்றி நின்றது, கயிற்றை இழுத்தது, படுக்க மாட்டாமல் தவித்தது. சுவருக்கு இந்தப் பக்கமும் யாருக்கும் உறக்கம் இல்லை.

"மழைக்குள்ள இது பருவத்துக்கு வரலன்னா கசாப்புக்காரன்ட்ட புடிச்சுக் குடுத்துருவேன். ஒம் பொண்டாட்டியையும் அதே கையோட ஊருக்கு ரயிலேத்திரு. கல்யாணமாயி எத்தன வருசம் ஆச்சு!"

"எம்மா, செத்த சும்மா இரேன்."

"அத்த, நான் மாட்டுங்காவுல இருக்க மாட்டு டாக்டர்ட்ட ஒரு எட்டு போய்க் கேட்டுட்டு வாரேன்" என்றாள் ஆறுமுகத்தாய்.

"எருமைக்கா, ஒனக்கா?"

"எருமைக்குத்தான்."

சாயங்காலம் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தாள்.

"என்னட்டி சொன்னாரு?"

"நல்லாத் தண்ணி ஊத்தணுமாம். முதுகுல ஈரச் சாக்கு போடணுமாம். தீவனத்துல உப்பு கலக்கணுமாம். பொறவு..." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ராத்திரி இந்தப் பல்ப அணைச்சிரணுமாம். ராவும் பகலும் வெளிச்சமாவே இருந்தா அது உடம்புக்கு எப்படித் தெரியும், எது ராத்திரின்னு?"

நடுச் சுவருக்கு மேலே தொங்கிய அந்த ஒற்றைப் பல்புதான் இரண்டு பக்கத்துக்கும். அடுத்த தொழுவத்தில் கன்று களவுபோன நாள் முதலாய் முருகம்மாள் அதை அணைக்க விட்டதே இல்லை.

"ஏட்டி, களவாணி வந்தா? வெளிச்சம் இருந்தாத்தானே நான் கட்டில்ல கெடந்தபடியே எல்லாத்தையும் பாத்துக்கிட முடியும்?"

"அதுக்கும் வழி சொன்னாரு அத்த. கட்டில வாசலுக்கு வெளிய போட்டுக்கிட்டா களவாணி உள்ள வரவே முடியாதாம். ஒங்களுக்குக் காத்தும் வரும்."

படித்த டாக்டர் சொன்னதாயிற்றே! முருகம்மாள் முணுமுணுத்துக்கொண்டே கட்டிலைத் தூக்கினாள்.

கசாப்புக்காரன் இரண்டு தடவை வந்தான். எருமையின் இடுப்பைத் தட்டிப் பார்த்தான், விலை கேட்டான். "மழை வரட்டும்" என்று முருகம்மாள் தள்ளிப்போட்டாள்.

எருமை மெல்ல மெல்லப் படுத்து அசைபோட ஆரம்பித்தது. முதல் மழை தகரத்தில் விழுந்த அன்றைக்கு, தெருவே அதிரக் கிடாவைக் கூப்பிட்டுக் கத்தியது.

தீபாவளி நெருங்கும்போது அந்த மாட்டுங்கா டாக்டர் சுந்தரராமன் தாமே வந்து எருமையைச் சோதித்துப் பார்த்தார்.

"சினைதான். சந்தேகமே வேண்டாம்."

முருகம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "எல்லாம் நீங்க சொன்ன வைத்தியம் சாமி. பல்ப அணைச்ச பொறவுதான் எல்லாம் நடந்துது!"

கை கழுவிக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்தார்.

"பல்பா? தண்ணி ஊத்தச் சொன்னேன், சாக்கு போடச் சொன்னேன், உப்பு வைக்கச் சொன்னேன். பல்பைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே! ஆனா வேடிக்கையா இருக்கே... இருட்டிலே மட்டும் மூளைக்குள்ளே ஏதோ ஒண்ணு சுரக்கறதுன்னு அமெரிக்காவிலே இப்பத்தான் எழுத ஆரம்பிச்சிருக்கா. உங்களுக்கு யார் சொன்னா?"

"அப்ப... கட்டில வாசலுக்குக் கொண்டுபோகச் சொன்னது?"

"எந்தக் கட்டில்?"

முருகம்மாள் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். தளவாய் அவசரமாக வெளியே போய்விட்டான். ஊறுகாய்ச் சட்டியும் கையுமாக நின்ற ஆறுமுகத்தாய், மேடிட்ட வயிற்றை முந்தானையால் மூடிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

உங்கள் வீட்டிலும், கண்ணுகளா, வேண்டிய நேரத்தில் வெளிச்சமும் வேண்டிய நேரத்தில் இருட்டும் குறைவில்லாமல் இருக்கட்டும்.