நாலு பக்கமும் ஒரே நிறம்

"ஏனுங்க, ஓவன் போயிருச்சுங்க!"

அனுப்பிரியா போட்ட சத்தத்தில் நித்தீஷ் சமையலறைக்கு ஓடி வந்தான். கருகிய வாடை மூக்கைத் துளைத்தது. மேடை மேல் மூன்று பெரிய தட்டுகள் நிறைய கேக் மாவு தயாராக இருந்தது.

தீபாவளி முடிந்த மறுநாள் அது. விடிந்தால் உடுமலைப்பேட்டை, சேவூர் சொந்தங்கள் எல்லாம் சேர்ந்து நாற்பது பேர் அமராவதி அணைக்குக் கிளம்புகிறார்கள். பத்து வருஷமாக அந்தச் சுற்றுலாவில் மாமியார் பூவாத்தாளின் கேக்குக்குத்தான் மவுசு. முதல் நாள் சேவூருக்குத் தங்கை வீட்டுக்கு என்று தனியாகக் கிளம்பி, விறகடுப்பில் சுட்டது என்று கொண்டு வருவார். நாலு பக்கமும் ஒரே நிறத்தில் பஞ்சு மாதிரி இருக்கும். பக்குவத்தை மட்டும் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

"இந்த வருஷம் கேக் என் பொறுப்பு" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அனுதான். ஆன்லைன் வகுப்பில் பதினைந்து நாள் படித்த தெம்பு! நாத்தனார் கலைமகள் விடுவாளா? "அம்மா கேக்குக்கே போட்டியா? பாக்கலாம், பாக்கலாம்" என்று எழுதிவிட்டாள். பூவாத்தாள் "சரி கண்ணு" என்று மட்டும் போட்டார்.

"மெக்கானிக் லீவுக்கு ஊருக்குப் போயிட்டாருங்க. பேக்கரியும் பூட்டிக் கெடக்குது. நாளைக்கு உங்கக்கா மூஞ்சியில நான் எப்படிங்க முழிக்கறது?" அனுவுக்கு அழுகை முட்டியது.

நித்தீஷ் தட்டுகளையே பார்த்தான். "எத்தனை டிகிரி வேணும்?"

"நூத்தியெழுவது."

"தட்டைத் தூக்கு. கம்பெனிக்குப் போலாம்!"

வீரபாண்டியில் பனியனுக்குப் பிரிண்ட் போடும் சின்ன கம்பெனி அவர்களுடையது. அதன் பின்னறையில் ஒரு பழைய கியூரிங் மிஷின் உண்டு. பிரிண்ட் போட்ட துணியை இந்த முனையில் பெல்ட்டில் வைத்தால், சூடான கூண்டுக்குள் ஊர்ந்து போய், மை காய்ந்து அந்த முனையில் வெளியே வரும். புது மிஷின் வந்த பிறகு பத்து வருஷமாக அதில் துணி ஓடவில்லை. ஆனாலும் பூவாத்தாள் அதை விற்க விடவில்லை. வருஷா வருஷம் தீபாவளிக்கு முன்னால் ஆள் வைத்து சர்வீஸ் பண்ணி, பெல்ட் மாற்றி, தானே பளபளவென்று துடைத்து, வெள்ளை வேட்டி போட்டு மூடி வைப்பார். காலமான கணவர் வாங்கிய முதல் மிஷின் ஆயிற்றே என்று வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

"அய்யோ, அது மாமாவோட மிஷினுங்க! அத்தைக்குத் தெரிஞ்சா என்னாகறது?"

"அம்மா அவினாசிக் கோயிலுக்குப் போயிருக்குது. வர ரெண்டு மணி நேரமாகும். சத்தமில்லாம முடிச்சிரலாம் வா."

கம்பெனி வெறிச்சோடிக் கிடந்தது. நித்தீஷ் வேட்டியை உருவி, சூட்டை ஏற்றி, வேகத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தான். மூன்று தட்டுகளும் வரிசையாக உள்ளே போயின. அனு மறுமுனைக்கு ஓடினாள்.

"வந்திருச்சு, வந்திருச்சுங்க!"

"வெந்திருச்சா?"

"எங்கீங்க! தண்ணியாத்தான் இருக்குது."

"மறுக்கா உள்ள தள்ளு!"

ஒரு சுற்றுக்கு மூன்று நிமிஷம். இவள் அங்கிருந்து தூக்கி வர, அவன் இங்கிருந்து உள்ளே விட, இரண்டு பேருக்கும் வியர்த்து ஊற்றியது. ஏழாவது சுற்றில் மாவு எழும்பியது. ஒன்பதாவது சுற்றில் வாசனை பின்னறை முழுக்கச் சுழன்றது. பன்னிரண்டாவது சுற்றில் குச்சியைக் குத்திப் பார்த்தாள். ஈரம் ஒட்டாமல் வந்தது. அனு சந்தோஷத்தில் குதித்தே விட்டாள்.

ஒரே ஒரு குறை. மூன்று கேக்குகளிலும் இடது ஓரம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சிவந்திருந்தது. பொடித்த சர்க்கரையைத் தூவி அதை மறைத்தாள். மிஷினைத் துடைத்து, வேட்டியைப் பழையபடி போர்த்திவிட்டுக் கிளம்பினார்கள்.

மறுநாள் அணைப் பூங்காவின் மரத்தடியில் நாற்பது பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். முதல் துண்டைக் கலைமகள்தான் எடுத்தாள். அனு அவள் வாயையே பார்த்தாள்.

கலைமகள் மென்றாள். கண்ணை அகல விரித்தாள். "அட! அச்சு அசல் அம்மா கேக்குங்க இது! அந்த விறகடுப்பு ருசி அப்படியே வந்திருக்குது!"

பூவாத்தாளின் தங்கை சேவூர் சின்னம்மா எதற்கோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அடுத்த நிமிஷம் தட்டுகளைச் சுற்றித் தள்ளுமுள்ளு. நித்தீஷ் தூரத்திலிருந்தே அனுவைப் பார்த்துக் கண்ணடித்தான்.

பூவாத்தாள் மட்டும் ஓரத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்தார். மேலே இருந்த சர்க்கரையை விரலால் வழித்துவிட்டு, சிவந்த இடத்தையே உற்றுப் பார்த்தார்.

"அனு, இங்க வா கண்ணு."

மாமியார் அவளை மரத்துக்குப் பின்னால் கூட்டிப் போனார்.

"ஓவன் போயிருச்சாக்கும்?"

இனி மறைத்து என்ன பயன்? "மன்னிச்சிருங்க அத்தை. மாமா நெனப்பா நீங்க பொத்திப் பொத்தி வெச்சிருக்கற மிஷினுன்னு தெரிஞ்சும்..."

பூவாத்தாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவள் காதருகே குனிந்தார்.

"ஆறாவது சுத்துல தட்டைத் திருப்பி வெக்கோணும் கண்ணு, அந்த மிஷினுக்கு இடது பக்கம் சூடு சாஸ்தி. பத்து வருசமா நான் அப்படித்தானே சுட்டுட்டு இருக்கறேன்!"