ஆர்தரின் எட்டு

வாட்ச் இன்றும் கூடுதலாகத்தான் சொல்கிறது, இவ்வளவு தூரம் நான் எங்கே நடந்தேன் என்று ஹெலினா நினைத்துக்கொள்கிறாள். பாணேர் குன்றின் உச்சியில், காய்ந்த புல்மேல் காலை வெயில் இப்போதுதான் விழுகிறது. கீழே கண்ணாடிக் கட்டடங்கள் பனிமூட்டத்திலிருந்து ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. இறந்துபோன கணவர் ஆர்தரின் ஸ்மார்ட் வாட்ச் அவள் மணிக்கட்டில் தொளதொளவென்று சரிகிறது. திரை மறுபடியும் அசையாமல் நின்றுவிட, மகள் டானியா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்திப் பார்க்கிறாள். "அம்மா, இதுல இன்னும் அப்பா ஹைட்தான் இருக்கு. அவரோட லம்பா ஸ்டெப் வெச்சு உன்னோட தூரத்தைக் கணக்குப் போடுது. அதான் கலத், தப்பாக் காட்டுது." ஹெலினா சிரித்துவிடுகிறாள். அந்த நீளக் கால்கள் எப்போதும் நாலு எட்டு முன்னால் போய்விடும். பிறகு அதோ அந்த வளைவில், அவிழாத ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டுவதுபோல, இவள் வந்து சேரும்வரை குனிந்தே இருப்பார். வளைவில் இப்போது ஒரு நாய் படுத்திருக்கிறது. "டெய்லி உன்னை ஏமாத்துது பாரு. உன் ஹைட் போட்டுடறேன்மா, ஒரே மினிட்." திரை உயிர்பெற்று, பழையதை மாற்றலாமா என்று கேட்கிறது. டானியாவின் கட்டைவிரல் அதன்மேல் காத்து நிற்கிறது. ஹெலினா மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு, ஸ்வெட்டர் கையைத் திரைமேல் இழுத்துவிடுகிறாள். "இருக்கட்டும்ட்டி. தப்பாவே காட்டிட்டுப் போட்டும்."