மூன்றாவது புரோக்கர்

மூன்றாவது புரோக்கரும் படியில் பாதி ஏறிய பிறகுதான் கேட்டார், அந்த அறையில்தானா என்று.

கீழே நின்றபடி அவள் தலையசைத்தாள்.

மூன்று வருடமாக அவள் அந்தப் படியில் கால் வைத்ததில்லை. மகன் பிரசன்னா மாடியறையில்தான் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். இருபத்து மூன்று வயது. என்ன குறை என்று ஒரு வரி எழுதிக்கூட வைக்கவில்லை, பாவிப் பிள்ளை.

வீட்டை விற்றுவிடலாம் என்று முதலில் சொன்னவள் அவள்தான். கணவர் சரி என்றார். யாரிடம் கொடுப்பது என்பதில்தான் ஒத்துப்போகவில்லை.

முதலில் வந்த புரோக்கர் நேர்மையான மனிதர். வாங்க வருகிறவர்களிடம் நடந்ததைச் சொல்லிவிடுவேன், விலையில் கால்வாசி அடிபட்டுப் போகும் என்றார். கணவருக்கு அவரைப் பிடித்துவிட்டது. ரயிலில் முப்பது வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் கணவர். பொய் சொல்கிறவனை முகத்தை வைத்தே பிடித்துவிடுவார், வீட்டிலும்.

இரண்டாமவர் ஹோமம் செய்யச் சொன்னார். மாடியை இடித்துவிட்டால் இன்னும் நல்லது என்றார். காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இப்போது இந்த அருளானந்தம்.

இறங்கி வந்தார். கைக்குட்டையால் பின்கழுத்தைத் துடைத்துக்கொண்டார். தண்ணீர் கேட்பதுபோலச் சொன்னார்.

"பையன் கனடாவுல இருக்கார்னு சொல்லிருவோம்மா. அவர் கூப்பிடுறார், நீங்க கெளம்புறீங்க. வெளியூர்க்காரங்களாப் பாத்துக் கூட்டிட்டு வரேன்."

கணவர் விருட்டென்று எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

அவள் போகவில்லை.

"அங்க ரொம்பக் குளிருமே" என்றாள்.

அருளானந்தம் கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

செத்த பிள்ளையை வைத்துப் பொய் வியாபாரமா என்று கணவர் அன்று முழுக்கக் கத்தினார். அவள் வாதாடவில்லை. இவரிடமே கொடுப்போம் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். இரண்டு நாள் சாப்பிடவில்லை. கடைசியில் அவர் விட்டுக்கொடுத்தார். ஆனால் ஆட்கள் வரும் ஞாயிறுகளில் வீட்டில் இருக்க மாட்டேன் என்றார். சொன்னபடியே காவிரிப் பாலம்வரை நடக்கப் போய்விடுவார்.

முதல் ஞாயிறு பெரம்பலூர்க்காரர்கள் வந்தார்கள். கனடாவில் எந்த ஊர் என்று கேட்டார்கள். டொராண்டோ என்றாள். அதை முந்தின நாளே போனில் பார்த்து வைத்திருந்தாள்.

இரண்டாவது ஞாயிறு கரூர். அங்கே பனி கொட்டுகிறதாம், பிள்ளைக்குச் சளி, சொன்னால் மருந்து சாப்பிடுவதில்லை என்று அலுத்துக்கொண்டாள். வந்த அம்மாள் தன் மகனும் அப்படித்தான் என்றாள். இருவரும் அரைமணி நேரம் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது ஞாயிறு அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

வந்த மூன்று பேருக்குமே வீடு பிடித்திருந்தது. அவள்தான் வேண்டாம் என்றாள். ஒருவர் முகம் சரியில்லை. இன்னொருவர் மாமரத்தை வெட்டிவிடுவார் போலிருக்கிறது. மூன்றாமவர் நாய் வளர்க்கிறார்.

வீட்டை விட மனசில்லையா என்று கணவர் கேட்டார்.

வீட்டை அவள் என்றைக்கோ விட்டுவிட்டாள். ஆனால் இந்த மூன்று வருடத்தில் அவன் பெயரை யாரும் அவள் முன்னால் எடுத்ததில்லை. நல்ல எண்ணம்தான். கூடப்பிறந்த தங்கைகூடப் பேச்சை மாற்றிவிடுவாள். முன்பின் தெரியாத இவர்கள்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பையன் சௌக்கியமா என்று கேட்டார்கள். விற்றுவிட்டால் அப்புறம் யார் கேட்பார்கள்?

நான்காவது ஞாயிறு யாரும் வரவில்லை. நல்ல புடவை கட்டிக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தாவது ஞாயிறு காலையிலிருந்தே மழை. கணவரால் வெளியே போக முடியவில்லை. கூடத்து மூலையில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

மணப்பாறையிலிருந்து ஒரு டீச்சரும் அவர் வீட்டுக்காரரும் வந்தார்கள். அவள் பிரசன்னா வாங்கிய புது வீட்டைப் பற்றிச் சொன்னாள். மருமகள் வத்தக்குழம்பு வைக்கப் பழகுவதைச் சொன்னாள். டீச்சர் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, பையன் கடைசியாக ஊருக்கு எப்போது வந்தார் என்றார்.

எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தவள் இதை யோசிக்கவில்லை.

அருளானந்தம் அவசரமாக ஜன்னலைத் தட்டிக்காட்டி, அத்தனையும் தேக்கு என்றார்.

பேப்பர் இறங்கியது.

"லீவே குடுக்க மாட்டேங்குறாங்கம்மா அவனுக்கு" என்றார் கணவர். "தீபாவளிக்கு வரேன்னு சொல்லியிருக்கான்."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் அருளானந்தம் போன் செய்தார். டீச்சருக்கு வீடு ரொம்பப் பிடித்துவிட்டதாம், கேட்ட விலைக்கே எடுத்துக்கொள்கிறார்களாம். போனை எடுத்தது கணவர்.

அவர்கள் வேண்டாம் என்றார். அடுத்த ஞாயிறு வேறு யாரையாவது அழைத்துவரச் சொன்னார்.