கேட்டது சிவப்பு

"சிவப்புன்னா என்ன நிறம்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லுங்க!"

கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் போனில் கத்தினாள் மருமகள். பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பாளர் வேலை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிற அத்தனை பேருக்கும் பகல் முழுக்கச் சிரித்த முகம் காட்டியாக வேண்டும். அதனால் வீட்டுக்கு வரும்போது பொறுமை சுத்தமாகத் தீர்ந்திருக்கும்.

மறுமுனையில், மொட்டை மாடியில் ஜாடி ஜாடியாகப் பெட்டா மீன் வளர்த்து, தொட்டியில் வைக்கிற செடிகளோடு ஆன்லைனில் விற்கிற பெண். "மேடம், நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க..."

"என்னத்தைக் கேக்கிறது? முதல் தடவை சிவப்பு கேட்டேன், நீலம் வந்தது. ஏதோ கை தவறியிருக்கும்னு நினைச்சேன். சரின்னு விட்டேன். மறுபடியும் சிவப்பே அனுப்புறேன்னீங்க, வெள்ளை வந்தது. இன்னிக்கு வந்து பார்க்கிறேன், கறுப்பு! இன்னும் என்னென்ன நிறம் பாக்கி வச்சிருக்கீங்க?"

சாப்பாட்டு மேஜையில் மூன்று கண்ணாடித் தொட்டிகள். ஒன்றையொன்று பார்த்தாலே செவுளை விரித்துக்கொண்டு மல்லுக்கு நிற்கிற ஜாதி என்பதால் நடுவில் அட்டைத் தடுப்பு வேறு. மேஜையில் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது, சாப்பிடத்தான் இடமில்லை.

எல்லாம் போன மாதம் செத்துப்போன சிவப்பு மீனால் வந்த வினை. அதற்காக அவள் இரண்டு நாள் பட்டினி கிடந்தாள். கணவனுக்கு வெளியூரில் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பேச்சுக் கொடுக்க அது ஒன்றுதான் இருந்தது. மாமனார் இருக்கிறாரே என்றால், அவர் வாயைத் திறந்தால் குறைதான். 'ஒரு மீனுக்கா இந்த அழுகை' என்று அன்றைக்கும் முணுமுணுத்துக்கொண்டுதான் சோற்றுத் தட்டை அவள் முன்னால் நகர்த்தினார். அக்கம்பக்கத்துக் கடைகளில் சிவப்பு மட்டும் கிடைக்காமல் போகவே, அவள் ஆன்லைனில் இறங்கினாள்.

"என் கையாலதான் சிவப்பைப் பையில போட்டுக் கட்டினேன் மேடம். ரெண்டு தடவையும் வீடியோ எடுத்து அனுப்பினேனே!"

"வீடியோவுல எதை வேணும்னாலும் காட்டலாம். இதோ மூணு மீனையும் படம் எடுத்துட்டேன். ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, உங்க லட்சணத்தை ஊருக்கே தெரியப்படுத்துறேனா இல்லையா பாருங்க."

மறுமுனையில் குரல் உடைந்தது. "ஐயோ, வேண்டாம் மேடம்! என் மேல ஏற்கெனவே ரெண்டு புகார் இருக்கு. இன்னொண்ணு விழுந்தா என் கடையையே அந்த ஆன்லைன் தளத்துலேருந்து தூக்கிடுவாங்க. ரெண்டு பொண்ணுங்களை வச்சுக்கிட்டு இதை நம்பித்தான் இருக்கேன்."

சோபாவில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த மாமனார் தொண்டையைச் செருமினார். "விடும்மா. பாவம், பொழைச்சுப் போகட்டும்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "மாமா, பேசறது நீங்கதானா? மீன் வளர்க்கிறேன்னு வீட்டையே குட்டிச்சுவராக்கிட்டான்னு நேத்துகூட உங்க பிள்ளைகிட்ட என்னைப் பத்திப் புலம்பினீங்களே!"

"புலம்பினேன். இப்பவும் புலம்புவேன். அதுக்காக ஒரு பொம்பளை பொழைப்புல மண்ணள்ளிப் போடணுமா?"

"அப்ப நான் ஏமாந்துட்டு வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா? மத்தியானம் பார்சலைப் பிரிச்சு மீனைத் தொட்டியில விட்டது நீங்கதானே? நீங்களே சொல்லுங்க, வந்தது என்ன நிறம்?"

"கறுப்புதான்" என்றார், கையிலிருந்த துண்டைப் பார்த்து.

"கேட்டீங்களா?" என்று போனை வாயருகே கொண்டுபோனாள். "முப்பது வருஷம் தபால்காரரா இருந்தவர். ஒரு கடுதாசியைக்கூட மாத்திக் கொடுத்ததில்லை. குறை சொல்வாரே தவிர, பொய் சொல்ல மாட்டார்."

மறுமுனையில் அழுகை சட்டென்று நின்றது.

"மேடம், இன்னிக்கு வந்த பெட்டியிலயா கறுப்பு மீன் இருந்தது?"

"ஆமாம்."

"இன்னிக்கு மத்தியானம் வந்ததுலயா?"

"ஆமாங்கிறேன்ல! எத்தனை தடவை சொல்றது?"

"இன்னிக்கு நான் மீனே அனுப்பலையே மேடம்! சிவப்பு மீனுக்கு உடம்பு சரியில்லை, செடியை மட்டும் தண்ணிப் பையில அனுப்புறேன், மீன் அடுத்த வாரம்னு உங்களுக்கு நேத்தே மெசேஜ் போட்டேன். பெட்டிக்குள்ள, செடிக்கு அடியிலயும் ஒரு சீட்டு வச்சிருந்தேன்."

கோபத்தில் அந்தப் பெண்ணின் செய்திகளைத் திறப்பதையே அவள் நிறுத்தி நான்கு நாளாகியிருந்தது. இப்போது திறந்து பார்த்தாள். செய்தி இருந்தது. மேஜையைப் பார்த்தாள். புதுச் செடிக்குப் பின்னாலிருந்து கறுப்பு மீன் எட்டிப் பார்த்தது. மெதுவாக மாமனார் பக்கம் திரும்பினாள்.

அவர் துண்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றிருந்தார்.

"மீனே வரலையா?" என்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டே வெடித்தார். "முதல் மீன் குழாய்த் தண்ணியில விட்டதும் செத்துப்போச்சு, அடுத்தது கை நழுவி சிங்க் ஓட்டைக்குள்ள போயிடுச்சு, நீ மறுபடியும் சாப்பிடாமக் கிடப்பியேன்னு மூணு தடவையும் முக்குக் கடைக்கு ஓடி இருந்த மீனை வாங்கிட்டு வந்து விட்டேன், அதெல்லாம் என் தப்பு, ஒத்துக்கிறேன், ஆனா இன்னிக்கு வராத மீனை, பையைப் பிரிச்சதும் எங்கேயோ துள்ளி விழுந்துடுச்சுன்னு கட்டிலுக்கு அடியில ஒரு மணி நேரம் தவழ்ந்து தவழ்ந்து தேடினேனே, அதுக்கு யாரும்மா பதில் சொல்றது?"